மாதக் கடைசி



"உங்கள் மகன் என்ன வேலை பார்க்கிறார்?" என்று யாரேனும் கேட்கும்போது, "மார்க்கெட்டிங்கில் இருக்கிறார்" என்று பதில் சொல்லிப் பாருங்கள். கேட்டவரின் முகத்தில் சிறு தயக்கம் தோன்றும். மருத்துவர் என்றாலோ, ஆசிரியர் என்றாலோ, துபாயில் இருக்கிறார் என்றாலோ தோன்றாத தயக்கம் அது. "பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிற வேலையா?" என்று அடுத்த கேள்வி பிறக்கும். என் பெற்றோர் இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் பதில் சொல்லி அலுத்தவர்கள். 1988ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு வரை அந்தப் பையைத் தூக்கியவன் நான். ஓய்வு பெற்று அமர்ந்திருக்கும் இவ்வேளையில், அந்தப் பை எனக்குக் கற்றுத் தந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். உங்கள் பிள்ளைகளில் ஒருவர் இத்துறையில் இருக்கக்கூடும். இல்லையேல் நாளை நுழையக்கூடும்.

என் ஊர் கூத்தாநல்லூர். அவ்வூரைப் பற்றி அறிந்தவர்களுக்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை. பையனுக்கு மீசை அரும்பினால் பாஸ்போர்ட் எடுப்பது எங்கள் ஊர் வழக்கம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொருள் ஈட்டியவர்களால் எழும்பிய வீடுகள் எங்கள் தெருக்களில் வரிசையாக நிற்கும். என் அத்தாவும் ஈப்போவில் கடை வைத்திருந்தவர்தாம். நான் சிறுவனாக இருந்தபோது இரண்டாண்டுக்கு ஒருமுறை வருவார். மூன்று மாதம் இருப்பார். நான் அவரோடு கூச்சமின்றிப் பேசத் தொடங்கும் வேளையில் புறப்பட்டுவிடுவார். திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் வேதியியல் பட்டம் பெற்றதும், "நான் சபர் போகவில்லை. இங்கேயே வேலை பார்க்கிறேன்" என்று நான் சொன்னதற்கு அந்த நினைவே காரணம். இப்படித்தான் 22 வயதில் ஒரு மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி ஆனேன். மக்கள் வழக்கில் சொன்னால், மெடிக்கல் ரெப்.

வீட்டோடு இருக்க விரும்பி வெளிநாட்டை மறுத்தவனுக்கு வாய்த்த வேலை எத்தகையது தெரியுமா? மாதத்தில் பாதி நாட்கள் வெளியூர். திருவாரூரைத் தலைமையிடமாகக் கொண்டு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் என்று சுற்ற வேண்டும். அத்தா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மலேசியாவுக்குப் போயிருந்தால்கூட இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக வீட்டில் இருந்திருப்பாய்!"

இந்த வேலையின் அமைப்பைச் சற்று விளக்கிவிடுகிறேன். மருந்து என்பது சோப்பையும் தேயிலையையும் போன்ற பண்டமன்று. அதை உட்கொள்பவர் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, மருத்துவர் தேர்ந்தெடுக்கிறார். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. 2005ஆம் ஆண்டு வரை அந்நிலை நீடித்தது. ஆகவே ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் தயாரித்தன. சரக்கு ஒன்று, பெயர்கள் பல என்னும்போது, மருத்துவரின் பேனா எந்தப் பெயரை எழுதும்? அடிக்கடி வந்து நினைவூட்டுகிறவனின் பெயரைத்தானே! அந்த நினைவூட்டலே எங்கள் தொழில். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மருத்துவர்களையும் நான்கைந்து மருந்துக் கடைகளையும் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் கிடைப்பது இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக இரண்டு மணி நேரம் நோயாளிகளோடு பெஞ்சில் அமர்ந்திருக்க வேண்டும்.

நல்ல பழக்கங்கள் சிலவற்றை இவ்வேலை எனக்குத் தந்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். காலை ஆறு மணிச் சோழன் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய திட்டமே குலைந்துபோகும். ஆதலால் சுப்ஹுக்குப் பிறகு மீண்டும் படுக்கும் வழக்கம் அற்றுப்போயிற்று. வெள்ளிக்கிழமை நண்பகலில் எந்த ஊரில் இருப்பது என்பதை முந்திய மாதமே பயணத் திட்டத்தில் எழுதிக்கொள்வேன். மாலை நேரக் கிளினிக்குகள் ஆறு மணிக்கு மேல்தான் களைகட்டும். நோன்பு மாதத்தில் அது கடினம். மன்னார்குடியில் ஓர் இந்து மருத்துவர், அந்த ஒரு மாதம் மட்டும் என்னை முதல் ஆளாக அழைத்து, "நேரமாகிவிட்டது, நோன்பு திறக்கப் போங்கள்" என்று அனுப்பிவைப்பார். அவருடைய அன்பை இன்றும் மறக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். நீல அட்டை போட்டது. ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒரு பக்கம். எந்த நேரத்தில் ஓய்வாக இருப்பார், எந்த மருந்தை விரும்புவார், சென்ற முறை என்ன கேட்டார், மகன் எந்த வகுப்பில் படிக்கிறான், அவன் பெயர் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். கேட்ட ஐயத்துக்கு அடுத்த முறை விடையோடு சென்று நிற்பேன். "இந்தப் பையன் சொன்னால் செய்வான்" என்ற பெயர் இரண்டே ஆண்டுகளில் கிடைத்தது. விற்பனையும் உயர்ந்தது.

இனித்தான் சொல்லக் கூச்சப்படும் பகுதிக்கு வருகிறேன்.

1990ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு நாள். அடைமழை. திருத்துறைப்பூண்டியில் இறங்கி ஆறு மருத்துவர்களைப் பார்த்தேன். எஞ்சிய நால்வரைப் பார்க்க இயலவில்லை. அன்றிரவு விடுதி அறையில் அன்றாட அறிக்கையை எழுதும்போது, பார்க்காத நால்வரையும் பார்த்ததாக எழுதினேன். யாரும் கேட்கவில்லை. மறு வாரம் இருவரை அவ்வாறு எழுதினேன். அப்போது கை நடுங்கவில்லை. பொய் ஒரு பழக்கமாவதற்கு அதிக நாள் தேவைப்படுவதில்லை, வாசகர்களே. மேலதிகாரி தாளைத்தான் பார்க்கிறார். தாள் நிறைந்திருந்தால் போதும் என்ற எண்ணம் என்னுள் வேரூன்றியது அன்றுதான்.

எங்கள் தொழிலில் மாதக் கடைசி என்று ஒன்று உண்டு. இலக்கு என்ற எண்ணை எட்ட வேண்டிய நாட்கள் அவை. அதிலும் மார்ச் மாதக் கடைசி என்றால் ஆண்டுக் கணக்கே முடியும் வேளை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. நிறுவனம் மொத்த விற்பனையாளருக்கு, அதாவது ஸ்டாக்கிஸ்டுக்குச் சரக்கை அனுப்பினாலே அது விற்பனையாகக் கணக்கில் ஏறிவிடும். அந்தச் சரக்கு கடைக்குப் போயிற்றா, நோயாளியின் கைக்குப் போயிற்றா என்பதை அந்த எண் சொல்லாது. எனவே இலக்கில் குறைவு விழுந்தால், பிரதிநிதி ஸ்டாக்கிஸ்டின் தலையிலும், அவர் வழியே கடைக்காரரின் தலையிலும் சரக்கை ஏற்றிவிடுவான். ஏற்றிய சரக்கு அலமாரியில் தூங்கும். சில்லறைக் கடைக்காரருக்கு மருந்தில் கிடைப்பதோ நூற்றுக்கு 16 அல்லது 20 ரூபாய். அதற்குள்தான் வாடகை, மின்சாரம், ஆள் கூலி எல்லாம். ஒரு பெட்டி காலாவதியானால் ஐந்தாறு பெட்டிகளின் ஆதாயம் அதோடு போயிற்று.

1993 மார்ச் 30. எனக்கு இன்னும் சில ஆயிரம் ரூபாய் குறைந்தது. முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடை. அதன் உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். என் அம்மாவின் ஊர்க்காரர் என்பதால் அவரை மாமா என்றே அழைப்பேன். தம்பி என்று அழைத்துத் தேநீர் வரவழைக்காமல் அவர் என்னை அனுப்பியதே இல்லை. அன்று மாலை அவர் முன் போய் நின்றேன். குழந்தைகளுக்கான ஆன்டிபயாட்டிக் சிரப், 300 புட்டி. அவருடைய கடையில் மாதம் 10 புட்டி போனாலே அதிகம்.

"இவ்வளவு எதற்குத் தம்பி?" என்றார்.

"மாமா, இந்த ஒரு முறை எனக்காக எடுத்துக்கொள்ளுங்கள். போகாததை நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன். என் பொறுப்பு" என்றேன்.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. "நீங்கள் சொன்னால் சரி" என்று பில்லில் கையொப்பமிட்டார். 5,100 ரூபாய். அன்றைய என் மாதச் சம்பளத்தைவிடப் பெரிய தொகை.

இலக்கை எட்டினேன். மூன்றே மாதத்தில் பதவி உயர்வு கிடைத்தது. ஏரியா மேலாளராகத் திருநெல்வேலிக்குச் சென்றேன். அம்மா உறவினர் வீடுகளுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தனுப்பினார்கள்.

1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு திருமணத்துக்காக முத்துப்பேட்டைக்குப் போக நேர்ந்தது. மாமாவின் கடைக்கு மகிழ்ச்சியோடு சென்றேன். பழையபடி தேநீர் வந்தது. குடித்துக்கொண்டே பார்வையைச் சுழற்றியபோது, மேல் தட்டில் எங்கள் நிறுவனத்தின் அட்டைப் பெட்டிகள் கண்ணில் பட்டன. என் நெஞ்சு திக்கென்றது. நான் மாற்றலாகிப்போன அதே ஜூன் மாதத்தில், அந்த சிரப்பை எழுதிவந்த மருத்துவரும் வேறூருக்குப் போய்விட்டார். 60 புட்டிதான் விற்றிருந்தது. மீதி 240 புட்டியும் காலாவதியாகிவிட்டன. எனக்குப் பின் வந்த பிரதிநிதியிடம் மாமா சொல்லியிருக்கிறார். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "தம்பி வந்து எடுத்துக்கொள்வார்" என்று காத்திருந்திருக்கிறார். கடைசியில் ஸ்டாக்கிஸ்ட் வழியே திருப்பி அனுப்பியபோது, காலாவதிச் சரக்கை ஒப்படைக்க நிறுவனம் வைத்திருந்த கெடு கடந்துவிட்டதென்று பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன.

நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். பணத்தை நானே தந்துவிடுவதாகச் சொன்னேன். அவர் கையை அசைத்துத் தடுத்தார்.

"பணம் இருக்கட்டும் தம்பி. உங்களிடம் ஒரு நீல நோட்டு இருக்குமே, அதில் என் பெயரை எழுதி வைத்திருந்தீர்களா?"

நான் எழுதியிருக்கவில்லை. மருத்துவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருந்தது. எனக்கு மருந்தெழுதித் தர வேண்டியவர்களின் பெயர்கள் இருந்தன. நான் வாக்குக் கொடுத்த மனிதரின் பெயர் இல்லை. யாரால் எனக்கு ஆதாயமோ அவர்களை நினைவில் வைத்துக்கொள்வதைத்தான் ஒழுங்கு என்றும் உழைப்பு என்றும் எண்ணியிருந்தேன். மழை நாளில் தாளில் எழுதிய பொய்யும் இதுவும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பது அந்தக் கடைவாசலில் நின்றபோது புரிந்தது. மேலே இருப்பவர் பார்ப்பது மட்டுமே கணக்கு என்று நான் என்னைப் பழக்கியிருந்தேன்.

240 புட்டிக்கு 4,080 ரூபாய். நான்கு தவணையாகக் கொடுத்தேன். முதல் தவணையை அவர் வாங்க மறுத்தார். "இதை வாங்கிக்கொள்ளவில்லையென்றால் இந்த ஊருக்கு நான் எப்படி வருவேன், மாமா?" என்றதும் வாங்கிக்கொண்டார். அன்றிரவு நோட்டின் பின்பக்கத்தைப் புரட்டி, 'கொடுத்த வாக்குகள்' என்று தலைப்பிட்டேன். யாருக்கு, என்ன, எந்த நாளுக்குள் என்று மூன்று பத்திகள். பணியை விட்டு விலகும்வரை அந்தப் பின்பக்கத்தை எழுதிவந்தேன். முன்பக்கத்தால் வேலையில் முன்னேறினேன். இரவில் உறங்க உதவியது பின்பக்கம்தான்.

என் பணிவாழ்வின் பெரிய தேர்வு 2007ஆம் ஆண்டில் வந்தது. மண்டல மேலாளர் பதவி தருவதாக நிறுவனம் அழைத்தது. சம்பளம் உயரும், கார் உண்டு. என் கீழ் ஏறத்தாழ 30 இளைஞர்கள் பணியாற்றுவார்கள். ஆனால் அந்தப் பதவியோடு இரண்டு பட்டியல்களும் வந்தன. ஒன்று, மார்ச் மாதத்தில் எந்த ஊரில் எவ்வளவு சரக்கை ஏற்ற வேண்டும் என்பது. மற்றொன்று, எந்த மருத்துவருக்கு என்ன பரிசு என்பது. முத்துப்பேட்டையில் நான் ஒருவனாகச் செய்ததை முப்பது பேரைக்கொண்டு செய்விக்க வேண்டும். இரண்டு நாள் அவகாசம் கேட்டு வீட்டுக்கு வந்தேன்.

இரவு உணவுக்குப் பின் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "முத்துப்பேட்டைக் கணக்கு இன்னும் முடியவில்லை போலிருக்கிறதே" என்றார். பிறகு, "மாடி கட்டுவதைத் தள்ளிப் போடலாம். பிள்ளைகளின் படிப்பை மட்டும் தள்ளிப் போடக் கூடாது" என்றார்.

நான் அந்தப் பதவியை ஏற்கவில்லை. சில மாதங்களில் அந்த நிறுவனத்திலிருந்தே விலகி, மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணியும் குளுக்கோஸ் புட்டியும் வழங்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். 38,000 ரூபாய் வாங்கியவன் 26,000 ரூபாய்க்கு வந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பூசாத சுவரோடு நான்கு ஆண்டுகள் வாழ்ந்தோம். மகளின் கல்லூரிப் படிப்புக்கு வங்கிக் கடன் வாங்கினோம். "ஏன் அந்தப் பதவியை விட்டாய்?" என்று அத்தா கடைசிவரை ஆற்றாமையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மறுத்த பதவியை ஏற்ற என் நண்பர் ஒருவர், தம்மால் இயன்ற அளவு நேர்மையாகவே அதை நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு அந்த உறுதி என்மீது இல்லை. ஒருமுறை தவறியவனுக்குத் தன் வழுக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்த வழியாகப் போகாதிருப்பதே எனக்குச் சரியாகப்பட்டது.

சட்டம் பின்னர் வந்தது. மருத்துவர்கள் மருந்து நிறுவனங்களிடம் பரிசும் பயணச் செலவும் பெறுவதை இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் விதித் திருத்தம் கொண்டுவந்து தடை செய்தது. அத்தகைய பரிசுகளுக்குச் செய்த செலவைக் காட்டி நிறுவனங்கள் வருமான வரியில் கழிவு கோர முடியாதென்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்துத் துறை புதிய சந்தைப்படுத்தல் நெறிமுறையை வெளியிட்டது. எழுதப்பட்ட விதி வருமுன்னரே நெஞ்சுக்கு உறுத்தியவைதாம் இவையெல்லாம்.

மார்க்கெட்டிங் என்பதே ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர், அன்றாடக் கூலி பெறும் ஏழையும் வாங்கட்டுமே என்று ஷாம்பு போன்ற பொருள்களைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்றார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலோடு தொடங்கிய சிக் ஷாம்பு சிற்றூர்ப் பெட்டிக்கடைகளில் எல்லாம் தொங்கியது. வாங்குபவரின் கைப்பொருளையும் தேவையையும் அறிந்து அதற்கேற்பப் பொருளைக் கொண்டுசேர்ப்பதும் இதே தொழில்தான். தேவையில்லாதவர் தலையில் கட்டுவதும் இதே தொழில்தான். எதைச் செய்கிறோம் என்பது மாதக் கடைசியில் தெரிந்துவிடும்.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ இத்துறையில் சேர்வதாக வந்து நின்றால் தடுக்காதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடவும் வேண்டாம். நியமன ஆணை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அது எழுத்திலேயே தரப்பட வேண்டும் என்று 1976ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் சொன்னது. அதைக் கேட்டுப் பெறாத இளைஞர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். இலக்கு எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது, ஸ்டாக்கிஸ்டுக்குப் போன சரக்கையா, கடையில் விற்ற சரக்கையா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். விற்காத சரக்கை யார் ஏற்பது என்றும் கேட்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கு நேரான விடை தராத நிறுவனத்தில் மாதக் கடைசிகள் எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். இன்று அறிக்கையைக் கைப்பேசியில் எழுதுகிறீர்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைக்கூட அது நிறுவனத்துக்குச் சொல்லிவிடுகிறது. பார்க்காதவரைப் பார்த்ததாக எழுதுவது முன்போல் எளிதன்று. ஆனால் நீங்கள் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பதை எந்தக் கைப்பேசியும் கேட்காது. அதை நீங்களேதான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் மாறும்போது அந்தப் பக்கத்தை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

முத்துப்பேட்டை மாமா இன்று இல்லை. அவருடைய பேரன் அக்கடையை நடத்துகிறார். என் மகள் சென்னையில் ஒரு துணி நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் இருக்கிறாள். 2025 மார்ச் 31 அன்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். குரல் களைத்திருந்தது. "இலக்குக்கு இரண்டு விழுக்காடு குறைந்துவிட்டது அத்தா. ஒரு கடைக்காரர் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவருக்கு அவ்வளவு ஓடாது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்றாள்.

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"தேநீர் வாங்கிக் கொடுத்தார்" என்றாள்.